மிதப்பதற்குக் காரணம் வேறு, கரையாததற்குக் காரணம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில், 'எண்ணெய் ஏன் நீரில் கரைவதில்லை?' என்ற கேள்விக்கு 'எண்ணெய் நீரைவிட அடர்த்தி குறைந்தது' என்று விடை தரப்பட்டிருந்தது. இது தவறு. எண்ணெய் மேலே மிதப்பதற்குத்தான் அடர்த்தி காரணம். சாதாரண தரத்தில் இப்படி மனப்பாடம் செய்துவிட்டு வரும் பிள்ளைக்கு உயர்தரத்தில் இரசாயனவியல் கற்பிப்பது எவ்வளவு பாடு என்பது எனக்குத் தெரியும்.

மண்ணெண்ணெய், எதனோல் (மதுவிலுள்ள அற்ககோல்) இரண்டினதும் அடர்த்தி மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 0.8 கிராம். மண்ணெண்ணெய் நீருக்கு மேல் தனிப் படையாக நிற்கும். எதனோலோ எந்த விகிதத்திலும் கலந்துவிடும். ஊற்றும்போது உற்றுப் பார்த்தால் நெளிநெளியாகக் கோடுகள் ஓடி மறைவது தெரியும். பாத்திரமும் இலேசாகச் சுடும். 50 மில்லிலீற்றர் எதனோலுடன் 50 மில்லிலீற்றர் நீர் சேர்த்தால் 100 வராது. 96, 97 அளவில்தான் நிற்கும். ஆய்வுகூடத்தில் இதைக் காணும் மாணவர்கள் நம்பாமல் திரும்ப அளப்பார்கள்.

நீர் மூலக்கூறு நேர்கோடாக இல்லை, 104.5 பாகையில் வளைந்திருக்கிறது. ஒட்சிசன் பக்கம் சிறிது மறையேற்றம், ஐதரசன் பக்கம் சிறிது நேரேற்றம். அதனால் அயலிலுள்ள நீர் மூலக்கூறுகள் ஐதரசன் பிணைப்பால் ஒன்றையொன்று கைகோத்துக்கொள்கின்றன. எதனோலிலும் சீனியிலும் உள்ள ஐதரொட்சில் கூட்டங்கள் (ஓர் ஒட்சிசனும் ஓர் ஐதரசனும் சேர்ந்த OH பகுதிகள்) அதில் தாமும் கைகோக்க வல்லவை. சீனி மூலக்கூறு ஒன்றில் அப்படி எட்டு இருக்கின்றன. 100 கிராம் நீரில் சாதாரண வெப்பநிலையில் ஏறத்தாழ 200 கிராம் சீனி கரைவது அதனால்தான்.

எண்ணெயின் நீண்ட காபன் சங்கிலியில் நீர் பற்றிக்கொள்ள அநேகமாக எதுவும் இல்லை. 'எண்ணெயும் நீரும் ஒன்றையொன்று தள்ளுகின்றன' என்று சொல்வதும் பிழையே. அவற்றுக்கிடையே மெல்லிய கவர்ச்சி உண்டு. ஆனால் எண்ணெய் மூலக்கூறைச் சூழவேண்டிய நீர் மூலக்கூறுகள், தமக்குள் உள்ள பிணைப்புகளை இழக்காமலிருக்க ஓர் ஒழுங்கில் நிற்கவேண்டி வருகிறது. விரும்பியபடி திரும்பும் சுதந்திரம் குறைகிறது. எண்ணெய் ஒன்றுசேர்ந்து ஒதுங்கினால் அந்தச் சுதந்திரம் திரும்பக் கிடைக்கிறது. பாடத்தில் இதுவே எனக்கு மிகவும் பிடித்த இடம். எண்ணெயை ஒதுக்குவது பெரும்பாலும் நீரின் தேவை என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கவைக்கலாம்.

சந்தேகமிருந்தால் அற்ககோல் வரிசையைப் பாருங்கள். எதனோல், பியூற்றனோல், ஒக்டனோல் எல்லாமே அடர்த்தியில் 0.8 சொச்சம்தான். முதலாவது முழுமையாகக் கலக்கும். இரண்டாவது 100 மில்லிலீற்றர் நீரில் 7, 8 கிராம் அளவே கரையும். மூன்றாவது கரைவதேயில்லை என்னலாம். மாறியது காபன் சங்கிலியின் நீளம்.

உப்பு வகைகளில் கணக்கு வேறு. பளிங்கினுள் அயன்கள் எனும் மின்னேற்றமுள்ள துணிக்கைகளின் பிடியா, நீரின் இழுப்பா என்ற போட்டி அது. கறியுப்பில் நீர் வெல்கிறது. பேரியம் சல்பேற்றில் அநேகமாகத் தோற்கிறது. பேரியம் அயன் நஞ்சாக இருந்தும், எக்ஸ்-கதிர்ப் படத்துக்காக நோயாளிக்கு அதைக் குடிக்கக் கொடுப்பது கரையாது என்ற நம்பிக்கையில்தான்.

கொழும்புப் பிள்ளைகளுக்கு இது வெறும் பரீட்சைக் கேள்வியும் அல்ல. 2021 மே மாதம் நமது கடலில் தீப்பற்றிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலில் 25 தொன் நைத்திரிக் அமிலமும் இருந்தது, பிளாஸ்ரிக் மணிகளும் இருந்தன. அமிலம் நீரோடு முழுமையாகக் கலக்கக்கூடியது. மணிகளோ மிதந்து வந்து கடற்கரையெங்கும் ஒதுங்கின. 'பாரம் குறைந்தது கரையாது' என்று படித்த பிள்ளை இதைத் தன் விடைக்குச் சான்றாகவே எடுத்துக்கொள்ளும். ஆனால் பி.வி.சி. பிளாஸ்ரிக் குழாய்த் துண்டு நீரில் அமிழும், அதுவும் கரைவதில்லை.

ஆகவே வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், திருத்தத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நீர் மூலக்கூறின் படம் ஒன்றையும் சேர்த்தால் மிக நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06