தம்பிக்கு, அம்மா சொல்லி எழுதியது

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சொல்கிறேன், நீ விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டர் எழுதிக்கொள்கிறது. ஆடி மாதம் கொல்லைப் படியில் விழுந்த கை, மாவுக்கட்டுப் பிரித்த பிறகும் சரியாக மடங்கவில்லை என்று போனில் சொன்னேனே, பேனா பிடித்தால் நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. இடது கையால் கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடினால் ஒரு மனுவுக்கு ஒரு பொழுது போய்விடுகிறது. "வாய்ஸ் மெசேஜ் அனுப்பும்மா, நான் டைப் பண்ணித் தரேன்" என்று நீ சொன்னது உன் பாசம், எனக்குத் தெரியும். ஆனால் திங்கள்கிழமை தஞ்சாவூர் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய மனுவை என்னிடம் எழுதி வாங்க ஞாயிறு சாயங்காலம் வந்து திண்ணையில் உட்காருகிற ஊர்க்காரர்களை, ஹைதராபாத்தில் மகனுக்கு வேலை முடியட்டும் என்று காக்கவைக்க எனக்கு மனசு வரவில்லை.

எதிர் வீட்டுப் பெண்தான் சொல்லிக்கொடுத்தாள், கும்பகோணத்தில் காலேஜ் படிக்கிறாளே அவள். குரோமில் கூகுள் டாக்ஸைத் திறந்து, டூல்ஸ் என்கிற இடத்தில் வாய்ஸ் டைப்பிங், இல்லையென்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஒரு கை சரியில்லாதவளுக்கு அந்த மூன்றைச் சேர்த்து அழுத்துவதே பாடு, அதனால் மவுஸால்தான் போகிறேன். முதல் நாள் ஒரு மணி நேரம் பேசியும் உருப்படியாக ஒரு வரி வரவில்லை. நான் தமிழில் பேசப் பேச அது ஆங்கில எழுத்தில் எதையோ கொட்டிக்கொண்டே போனது. அப்புறம்தான் பார்த்தோம், மைக் படத்துக்கு மேலே மொழி ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ் என்று மட்டும் இல்லை, இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று தனித்தனியாக இருக்கிறது தம்பி. இந்தியத் தமிழுக்கு மாற்றி வைத்ததும் என் வாயிலிருந்து போன வார்த்தை திரையில் தமிழாக வந்து நின்றது. நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நீ காலேஜில் படிக்கும்போது இதே மேசையில் பேசினால் எழுதும் என்று டிராகன் என்ற ஒரு சிடியைப் போட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? காதில் மைக்கை மாட்டிவிட்டு, பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் வாசித்தால்தான் அது என் குரலைப் பழகும் என்றாய். அதற்கு முன்னால் இருந்தவை பெரும்பாலும் வார்த்தைக்கு வார்த்தை நிறுத்திப் பேச வேண்டியவை, 1997-இல் இது வந்த பிறகுதான் சாதாரணமாகப் பேச முடிகிறது என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். தமிழ் இல்லை என்றதும் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். கூகுளில் தமிழில் பேசி எழுதுவது 2017 ஆகஸ்டிலேயே வந்துவிட்டதாம், எனக்கு இப்போதுதான் தெரிகிறது. இதற்கு நான் எதையும் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. எத்தனையோ பேர் குரலை ஏற்கெனவே கேட்டுப் பழகிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறது.

பேசும்போது திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்று தெரியும், அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நம் நெல் பருவம் "குறுவை" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் "குருவி" என்று எழுதுகிறது. "குறுவை அறுவடை" என்று சேர்த்துச் சொன்னால், முதலில் குருவி வருகிறது, "அறுவடை" வாயை விட்டு வந்ததும் அந்தக் குருவி தானாகவே குறுவையாக மாறிவிடுகிறது. பக்கத்தில் என்ன வார்த்தை வருகிறது என்று பார்த்து, எது பொருந்தும் என்று கணக்குப் போடுகிறது. நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு டிக்டேஷன் போடும்போது நானும் இதைத்தான் சொல்வேன், முழு வாக்கியத்தையும் கேட்டுவிட்டு எழுதுங்கள் என்று. ஆகையால் தனி வார்த்தையாகச் சொல்வதை விட்டுவிட்டேன். மனசுக்குள் வாக்கியத்தை முடித்துக்கொண்டு ஒரே மூச்சில் சொல்கிறேன். குறுவைக்கு அடுத்த நெல் பருவமான "தாளடி" மட்டும் எப்படிச் சொன்னாலும் சரியாக வரவில்லை, அதைக் கையால் திருத்துகிறேன். முற்றுப்புள்ளி என்று சொன்னால் "முற்றுப்புள்ளி" என்றே எழுதிவைக்கிறது, தமிழுக்கு அந்த வசதி இல்லை போலிருக்கிறது, இடது கை விரலைப் புள்ளி மேலேயே வைத்திருக்கிறேன். வலி மிகும் இடத்தில் ஒற்றுப் போடுவதும் நான்தான் பார்க்க வேண்டும்.

போன வாரம் நல்ல மழை. களத்தில் கிடந்த குறுவை நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடியும் ஈரம் இறங்கவில்லை. கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அதைத் தளர்த்தித் தரும்படி மனு எழுத வேண்டும் என்று ஏழெட்டுப் பேர் வந்தார்கள். "தொடர் மழையின் காரணமாக" என்று ஆரம்பித்துச் சொல்லச் சொல்ல ஒரு பிழை இல்லாமல் வந்தது. பத்து நிமிஷத்தில் மனு தயார். மனுத் தமிழ் என்றால் அதற்கு அத்துப்படி.

ஆனால் வடக்குத் தெரு பெரியம்மா வந்த அன்று எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. விதவை உதவித்தொகைக்கு இதுவரை எழுதிப் போடவே இல்லையாம். "அவரு போயி மூணு வருஷமாவுது டீச்சர், நடவு மெஷினு வந்தப்புறம் கூப்புடுறவங்க இல்ல" என்று அவர் பேசியதை அப்படியே பிடிக்கட்டும் என்று மைக்கை அவர் பக்கம் திருப்பினேன். பாதி வார்த்தை விழவே இல்லை, விழுந்ததும் வேறு எதுவோ. சரி என்று நானே எழுத்துத் தமிழில் திருப்பிச் சொன்னேன்: "என் கணவர் இறந்து 3 ஆண்டுகள் ஆகின்றன. நான் கூலி வேலை செய்து பிழைத்து வருகிறேன்." அழகாக விழுந்தது. அதைப் படித்துக் காட்டினேன். பெரியம்மா கேட்டுவிட்டு, "நான் அப்படிச் சொல்லலையே" என்றார். "கூலி வேலைன்னா என்னா? நான் நடவாளு. மெஷினு வந்துட்டு, அதான் வேலை இல்ல. அதப் போடுங்க."

மெஷினுக்குப் புரிகிற தமிழில் சொல்லப் போய், அவர் சொன்னதையே விட்டுவிட்டேன் தம்பி. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பேசியதைக் கேட்டவள் நான். கையால் எழுதும்போது இப்படி ஆகவில்லை, ஏனென்றால் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பேனா மெதுவாகப் போகும், நடுவில் நிறுத்திக் கேட்பேன். இப்போது வேகம் வந்ததும் வழக்கமான வாக்கியங்கள் முன்னால் ஓடி வருகின்றன. அன்றிலிருந்து முதலில் மைக்கை அணைத்துவிட்டு முழுக்கக் கேட்கிறேன், அவர்கள் சொல்லும் முக்கியமான வார்த்தையை ஒரு தாளில் கிறுக்கி வைத்துக்கொள்கிறேன், அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டரிடம் சொல்கிறேன். "நடவு வேலை செய்துவந்தேன், நடவு இயந்திரம் வந்த பிறகு வேலை கிடைப்பதில்லை" என்று பெரியம்மாவின் மனுவை மாற்றி எழுதினோம். அச்செடுத்து வந்து கொடுத்ததும், அந்த வரி எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னார்.

இன்னொன்று. நாம் பேசுவது நெட் வழியாக எங்கோ தூரத்தில் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போய்த்தான் எழுத்தாகத் திரும்பி வருகிறது என்று அந்தப் பெண் சொன்னாள். நெட் இல்லாவிட்டால் வேலை செய்யாது என்பதிலேயே எனக்கும் புரிந்தது. அதனால் ஆதார் எண், பட்டா எண், அண்ணன் தம்பி சண்டையில் இருக்கும் பெயர்கள், இவற்றையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவதே இல்லை, இடம் விட்டு அச்செடுத்து, பேனாவால்தான் நிரப்புகிறேன். நம்மை நம்பி வந்து சொல்கிறார்கள். பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்று ஒன்றை நீ ஒரு தடவை சொன்னாயே, ஓப்பன்ஏஐ என்ற கம்பெனி 2022-இல் எல்லாருக்கும் பொதுவாக வெளியிட்டது, 6,80,000 மணி நேரப் பேச்சைக் கேட்டுப் பழகியது, தமிழும் தெரியும், வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓடும், எதுவும் வெளியே போகாது என்று. பதிவு செய்து கொடுத்தால் மெதுவாகத்தான் எழுதும் என்றாய், பரவாயில்லை. தீபாவளிக்கு வரும்போது அதைப் போட்டுக் கொடு. பெரியம்மா மாதிரி ஆட்கள் பேசுவதை அப்படியே பதிவு செய்து, அது எவ்வளவு எழுதுகிறது, எங்கே தடுமாறுகிறது என்று நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

நல்ல ஹெட்செட் ஒன்றும் வாங்கி வா. இப்போது உன் பழைய வெப் கேமராவில் இருக்கும் மைக்கில்தான் பேசுகிறேன், ஃபேனை நிறுத்தினால்தான் சரியாகக் கேட்கிறது, வருகிறவர்கள் புழுக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். போன் இயர்போனைச் செருகிப் பார்த்தோம், இந்தக் கம்ப்யூட்டர் அதன் மைக்கை எடுக்கவில்லை. யூஎஸ்பியில் செருகுகிறதாக வாங்கு. ஒயர் நீளமாக இருக்கட்டும், திண்ணை வரைக்கும் எட்ட வேண்டும்.

அன்புடன்,
அம்மா