வாசல்படியில் முறுக்கு டப்பா

ஹைலண்ட் பார்க், நியூ ஜெர்சி
28 ஏப்ரல் 2024

அன்புள்ள டீச்சருக்கு,

ரிட்டயர் ஆகி எத்தனை வருஷமானாலும் எனக்கு நீ டீச்சர்தான். முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னதை நீ கேட்டிருக்க மாட்டாய். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. பகலில் பேசத்தான் ஆள் கிடையாது.

புத்தாண்டு அன்று உன் பேரன், "நல்ல நாளும் அதுவுமா எதுக்குக் கசப்பைத் திங்கணும்?" என்று வேப்பம்பூப் பச்சடியைத் தள்ளி வைத்தான், நீ "பேசாம சாப்பிடு" என்று அதட்டிவிட்டாய் என்று எழுதியிருந்தாய். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் இப்படிச் செய்துவிட்டேனே என்று வருத்தம் வேறு. அதைப் படித்த சில நாளிலேயே ஒரு விருந்துக்குப் போய் வந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். அவர்கள் யூதர்கள். அந்த வீட்டுப் பாட்டியும் நானும் வாசல்படிச் சிநேகம். எகிப்தில் அடிமையாக இருந்த முன்னோர் விடுதலையாகி வந்ததை நினைத்து அவர்கள் கொண்டாடும் பெசாக் பண்டிகைக்கு என்னையும் பேத்தியையும் கூப்பிட்டிருந்தார். இஸ்ரேலுக்கு வெளியே இருப்பவர்கள் முதல் இரண்டு இரவும் இந்த விருந்து வைப்பார்கள். எங்களுக்கு இரண்டாம் இரவு, செவ்வாய்க்கிழமை. நம்ம ஊரில் அன்று சித்ரா பௌர்ணமி. அவர்களுக்கும் சந்திரக் கணக்குதான். நம் அதிக மாசம் மாதிரி சில வருஷம் ஒரு மாதத்தைக் கூடச் சேர்த்து, பண்டிகை வசந்தத்தை விட்டு நகராமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

வெறுங்கையோடு போவதா என்று முறுக்கு சுட்டுக்கொண்டு போனேன். வாசலிலேயே பாட்டி தயங்கித் தயங்கி, "இதில் என்னென்ன இருக்கிறது?" என்றார். அரிசி, உளுந்து என்றேன். பெசாக் முடியும்வரை அவர்கள் குடும்பத்தில் அரிசியும் பருப்பும் கிடையாதாம். வேறு சில யூதக் குடும்பங்களில் அரிசி உண்டு. அப்புறம்தான் எனக்குப் பெருங்காயம் நினைவுக்கு வந்தது. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு இருக்குமே! கோதுமையில் தண்ணீர் பட்டு ஊறிப் புளித்த எதுவும் அந்த எட்டு நாளும் வீட்டிலேயே இருக்கக் கூடாது. முதல் நாள் ராத்திரி பிள்ளைகள் மெழுகுவத்தியும் இறகும் வைத்துக்கொண்டு மூலை மூலையாகத் துணுக்குத் தேடுகிற வீடு அது. டப்பாவை எங்கள் படியில் வைத்துவிட்டு அசடு வழிய உள்ளே போனேன். பண்டிகை நாளில் படம் எடுக்கக் கூடாது என்பதால் போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டேன். ஆகவே நான் எழுதுவதுதான் உனக்குப் படம்.

விருந்துக்குப் பெயர் சேதர். வரிசை என்று அர்த்தம். 15 படிகள். வாய்ப்பாடு மாதிரி பிள்ளைகள் அந்தப் பெயர்களைப் பாடுகிறார்கள். தாத்தா மேசையின் தலைப்பக்கத்தில், நாற்காலியில் தலையணை போட்டுச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சாய்ந்து சாப்பிடுவது சுதந்திர மனிதனின் வழக்கமாம். அவர் ஏதோ பிரசங்கம் செய்யப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ பார்ஸ்லிக் கொத்தை உப்புத் தண்ணீரில் முக்கி எல்லோருக்கும் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தார். என் பேத்தி மெல்ல, "ஏன் உப்புத் தண்ணி?" என்றாள். மனுஷருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. பதில் சொல்லவில்லை, "எது மாதிரி உப்புக் கரிக்கிறது?" என்று திருப்பிக் கேட்டார். ஒரு பொடியன், "அழுதா வாய்க்கு வர்ற தண்ணி" என்றான்.

சாப்பாட்டுக்கு முன்னால் கீரையை எதற்கு முக்குவது? பிள்ளைகள் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்கட்டும் என்றுதான். இது தாத்தாவின் சமாளிப்பு இல்லை, தால்முத் என்கிற அவர்களுடைய பழைய சட்ட விளக்க நூலிலேயே அப்படித்தான் இருக்கிறதாம். இன்னொன்றும் சொன்னார். பாபிலோனில் ரப்பா என்ற ஆசான் வீட்டில் சாப்பிடுவதற்கு முன்பே மேசையைத் தூக்கிக்கொண்டு போனார்களாம். மாணவர் அபாயே, "இன்னும் சாப்பிடவே இல்லையே, அதற்குள் எடுக்கிறீர்களே!" என்றார். "நல்லது, நாங்கள் கேள்வி வாசிக்கிற வேலையை மிச்சம் செய்துவிட்டாய்" என்றாராம் ரப்பா. ரபி அகிவா என்ற இன்னொரு ஆசான் இன்னும் ஒரு படி மேலே. பிள்ளைகள் தூங்காமல் கேள்வி கேட்க வேண்டுமென்று வறுத்த தானியமும் கொட்டைப் பருப்பும் கொடுப்பாராம். பொரிகடலைதான், வேறென்ன!

அப்புறம் கடைக்குட்டி நாற்காலி மேல் ஏறி நின்று, இந்த இரவு மட்டும் ஏன் வேறாக இருக்கிறது என்று நான்கு கேள்விகளைப் பாடினான். மூன்றாவதில் ராகம் மறந்து அழுகை முட்டியது. மேசை மொத்தமும் சேர்ந்து எடுத்துக்கொடுத்தது. பதில்தான் ஹகாதா என்கிற புத்தகம். அதில் நான்கு பிள்ளைகள் வருகிறார்கள்: கெட்டிக்காரன், பொல்லாதவன், வெகுளி, கேட்கவே தெரியாதவன். பொல்லாதவன், "இதெல்லாம் உங்களுக்கு எதற்கு?" என்கிறான். 'எனக்கு' என்று சொல்லாததுதான் குற்றம். அவன் பல் கூசும்படி பதில் சொல் என்கிறது புத்தகம். எனக்கு அது பிடிக்கவில்லை. உன் பேரனும் ஏறக்குறைய அதைத்தானே கேட்டான்? பாட்டியிடம் கிசுகிசுத்தேன். "அவனும் மேசைக்கு வந்துதானே கேட்கிறான்" என்றார். கேட்கத் தெரியாதவனுக்குப் பெரியவர்களே பேச்சைத் தொடங்க வேண்டுமாம். அதட்ட இடமே இல்லையடி!

எகிப்துக்கு வந்த பத்து வாதைகளைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் விரலால் ஒரு சொட்டு ஒயினைத் தட்டில் விட்டார்கள், பிள்ளைகள் திராட்சை ஜூஸை. எகிப்தியரும் துன்பப்பட்டார்களே, நம் கிண்ணம் நிறைந்திருக்கலாமா என்று தாத்தா கேட்டார். தவளையும் அந்த வாதைகளில் ஒன்று. அந்தப் பக்கம் என் பேத்தி தட்டில் ஒரு பிளாஸ்டிக் தவளை வந்து விழுந்தது.

அடிமை வாழ்வை நினைத்துத் தின்கிற கசப்புக்கு வந்தேன். துருவிய ஹார்ஸ்ராடிஷ் என்ற வேர், பார்க்கத் தேங்காய்த் துருவல் மாதிரிதான். வாயில் வைத்ததும் மூக்கு வழியாக உச்சந்தலைக்கு ஏறியது. கண்ணில் தண்ணீர். அதைத் தொட்டுக்கொள்ள ஆப்பிள், வால்நட், பட்டை, ஒயின் சேர்த்து இடித்த ஒரு பழுப்பு விழுது. செங்கல் அடுக்கிய அடிமைகளின் சாந்து அது. சாந்து இனிக்கிறது! ஏன் இனிப்பு என்று நான் கேட்டேன். ஆளுக்கொரு பதில் சொன்னார்கள், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை.

சாப்பாடு வர மணி பத்தைத் தாண்டியது. பசியில் எனக்குத் தலை சுற்றியது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் தூங்கவில்லை. தாத்தா ஒளித்துவைத்த பாதி மட்ஸாவை, அதாவது புளிக்காத ரொட்டியை, கண்டுபிடித்து, சைக்கிள் வாங்கித் தந்தால்தான் கொடுப்போம் என்று பேரம். அது கிடைக்காமல் விருந்தை முடிக்க முடியாது, பாவம் மனுஷர்!

கடைசியில் எலியா தீர்க்கதரிசிக்கு ஒரு கிண்ணம் நிரப்பி, அவர் வரட்டும் என்று வாசல் கதவைத் திறக்கப் பிள்ளைகளை அனுப்பினார்கள். நானும் பின்னால் போனேன். தெருவில் ஆளில்லை. நிலா வெளிச்சத்தில் எங்கள் படியில் என் எவர்சில்வர் டப்பா பளபளவென்று இருந்தது. கடைக்குட்டி அதைக் காட்டி, "அது எலியாவுக்கா?" என்றான். தாத்தாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

கிண்ணத்தில் ஒயின் குறைந்திருந்தது என்று என் பேத்தி இன்னமும் சத்தியம் செய்கிறாள். முறுக்கு குறையவில்லை, நான் எண்ணிப் பார்த்தேன்.

பச்சடி விஷயம் அப்புறம் என்ன ஆயிற்று என்று எழுது. முழங்காலுக்கு ஒத்தடம் கொடு.

உன் பழைய பெஞ்சுக்காரி