பிரேக் பைப் மாற்றியதில் நடந்த தவறு குறித்துப் புகார்

அனுப்புநர்: மீன் ஏற்றும் சரக்கு வண்டியின் உரிமையாளர், கடலூர் முதுநகர்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

முதுநகர் துறைமுகத்திலிருந்து புதுச்சேரிக்கு மீன் ஏற்றிப் போகும் வண்டி என்னுடையது. ஐஸ் கரைந்த உப்புத்தண்ணீர் அடிப்பாகத்தில் சொட்டிக்கொண்டே இருக்கும், கடற்காற்று வேறு. பின்சக்கரத்துக்குப் பிரேக் எண்ணெய் கொண்டுபோகும் இரும்பு பிரேக் பைப் துருப்பிடித்துக் கசிந்ததால், ஐந்து வாரங்களுக்கு முன் உங்கள் சர்வீஸ் நிலையத்தில் புதிது போடச் சொன்னேன். கம்பெனி பைப் என்று பில்லில் எழுதி, அதற்குரிய பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள்.

சென்ற செவ்வாய்க்கிழமை விடியற்காலை, முழுச் சுமையுடன் கெடிலம் பாலத்தை நெருங்கும்போது பெடல் தரைவரை இறங்கிவிட்டது. முன்சக்கர பிரேக்குக்குத் தனி இணைப்பு என்பதால் அதுவும் ஹேண்ட் பிரேக்கும் சேர்ந்து வண்டியை நிறுத்தின. முன்னால் சைக்கிளில் போன பால்காரருக்கும் வண்டிக்கும் இரண்டு முழம்தான் இடைவெளி. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வேறொரு பட்டறையில் அந்தப் பைப்பைக் கழற்றிப் பார்த்தோம். அது ஃபிரிட்ஜுக்குப் போடும் வெறும் செம்புக் குழாய். கையாலேயே வளையும் என்பதால் வேலை சுலபம். ஆனால் வண்டியின் அதிர்வில் செம்பு நாளடைவில் இறுகி வெடித்துவிடும். சுமார் 10 சதவீதம் நிக்கல் கலந்த செம்புப் பைப் என்றால் உப்பையும் தாங்கும், வளைக்கவும் எளிது. அதைப் போட்டிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

வளைத்த விதம் இன்னும் மோசம். 4.75 மில்லிமீட்டர் பைப்பை, பெண்டர் என்ற வளைக்கும் கருவியின் பள்ளத்தில் வைத்துச் சுற்றினால்தான் வட்டம் குலையாது. இதையோ ஆக்சிலுக்கு மேலே கையால் மடக்கியிருக்கிறார்கள். வளைவு நசுங்கித் தட்டையாகிக் கிடக்கிறது. நுனியை இரண்டு மடிப்பாக விரிக்க வேண்டிய இடத்தில் ஒரே மடிப்பு. நட்டுக்கு அடியில் விரிசல் விட்டது அங்கேதான்.

வாங்கிய தொகையைத் திருப்பித் தாருங்கள். தொழிற்சாலையிலேயே வளைத்து வரும் அசல் பைப்பைப் போட்டு, அழுத்தம் கொடுத்துக் கசிவில்லை என்று என் கண்முன்னே காட்டுங்கள். இவற்றைவிட முக்கியமானது ஒன்று: அதே நிலையத்தில் பிரேக் பைப் மாற்றிய மற்ற வண்டிகளையும் உடனே அழைத்துச் சோதியுங்கள். அந்த வண்டிக்காரர்களுக்கு இன்னும் விஷயம் தெரியாது.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். வெடித்த பைப் என்னிடம் இருக்கிறது. உங்கள் பொறியாளர் வந்து பார்க்கலாம். எடுத்துப்போகக் கொடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
வண்டி உரிமையாளர்