கடைசி நாளில் கடலில் இறக்குவதில்லை, ஏன்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பவளப்பாறைக் கடற்கரைக்கு நாங்கள் நடத்தும் ஏழு நாள் ஸ்கூபா பயணத்தின் நிகழ்ச்சிநிரலைப் பார்த்தபின் உங்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். முதல் நாள் எட்டு மீட்டருக்குக் கீழே விடுவதில்லை, ஏழாம் நாள் கடலிலேயே இறக்குவதில்லை என்றால், ஏழு நாளுக்குப் பணம் கட்டியவருக்குக் கிடைப்பது ஐந்து நாள்தானே என்பது அக்கேள்வி. உங்கள் கணக்கில் பிழையில்லை. ஆயினும் அந்த இரண்டு நாள்களையும் மாற்ற நாங்கள் உடன்படாததன் காரணத்தை விளக்க வேண்டியது எங்கள் கடமை.

கடைசி நாளை முதலில் எடுத்துக்கொள்கிறோம். கடல்மட்டத்தில் நம்மீது உள்ளது ஒரு வளிமண்டல அழுத்தம்; ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் இன்னொன்று கூட, 30 மீட்டரில் அது நான்காகிவிடுகிறது. சிலிண்டரிலுள்ள காற்றை, வாயில் கடித்துக்கொள்ளும் சுவாசக் கருவியான ரெகுலேட்டர், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு ஈடாகவே தருவதால், அக்காற்றிலுள்ள நைட்ரஜன் தரையில் இருக்கும்போது கரைவதைவிட அதிகமாக இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து தங்குகிறது. உடலுக்கு அதனால் பயன் ஏதுமில்லை. மேலே வரும்போதும் வந்த பிறகும் அது நுரையீரல் வழியாக மெல்ல வெளியேற வேண்டும். அது வெளியேறுவதற்குள் அழுத்தம் வேகமாகக் குறைந்துவிட்டால் திசுக்களிலும் இரத்தத்திலும் குமிழிகள் உண்டாகி, மூட்டுவலி, மரமரப்பு, தோலில் தடிப்பு, சில வேளைகளில் கைகால் செயலிழப்பு வரை கொண்டுபோய் விடுகின்றன. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் மேலேறுங்கள், 5 மீட்டரில் மூன்று நிமிடம் நில்லுங்கள் என்று வழிகாட்டிகள் சலிக்காமல் சொல்வது இதனால்தான்.

எல்லாத் திசுக்களும் ஒரே வேகத்தில் நைட்ரஜனை ஏற்பதுமில்லை, விடுவதுமில்லை. உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் 1908இல் வெளியிட்ட அழுத்தக்குறைப்பு அட்டவணைகள் இந்த வேறுபாட்டை வைத்தே கணிக்கப்பட்டவை. ஆழத்தையும் நேரத்தையும் வைத்து உடலிலுள்ள நைட்ரஜனைக் கணக்கிட, இன்று நீங்கள் மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இயங்கும் பியூல்மன் கணக்குமுறை உடலை 16 வகைத் திசுக்களாகப் பிரிக்கிறது. அவற்றுள் மிக மெதுவானது, தன்னிடமுள்ள கூடுதல் நைட்ரஜனில் பாதியை விடுவதற்கே 635 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. அதாவது பத்து மணி நேரத்துக்கும் மேல். நன்றாகத் தூங்கி எழுந்தாலும் முந்தின நாளின் மிச்சம் உள்ளே இருக்கும். ஐந்து நாள் தொடர்ந்து இறங்கியவரிடம் அது சேர்ந்துகொண்டே வந்திருக்கும்.

இந்த நிலையில் அவர் விமானம் ஏறுகிறார். விமான அறையின் அழுத்தம் தரையில் இருப்பதைப் போன்றதன்று. ஏறத்தாழ 2,400 மீட்டர் உயர மலையில் நிற்பதற்கு ஒப்பாக, முக்கால் வளிமண்டல அளவுக்கு அது குறையக்கூடும். கடலிலிருந்து ஒழுங்காக மேலேறி வந்தவர், ஓய்வு நிறுத்தம் ஏதுமின்றி இன்னொரு முறை மேலேறுவதற்குச் சமம் அது. (காரில் உயரமான மலைப்பாதை ஏறுவதற்கும் இது பொருந்தும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.) ஒரே ஒரு டைவ் செய்தவர் 12 மணி நேரமும், பல நாள் தொடர்ந்து செய்தவர் 18 மணி நேரமும் பறக்காமல் இருக்க வேண்டும் என்று டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பாகிய டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் கூறுகிறது. அது குறைந்தபட்ச அளவு. நாங்கள் 24 மணி நேரம் வைத்திருக்கிறோம்.

ஆறு மணி நேரத்தைக் கூட்டியதற்குக் காரணம் இடத்தின் தொலைவு. ஆள்நடமாட்டம் குறைந்த கரை என்பதால்தான் அங்கே பாறைகள் இவ்வளவு உயிர்ப்புடன் இருக்கின்றன. அதே காரணத்தால் அழுத்தச் சிகிச்சை அறையும் அருகில் இல்லை. அத்தகைய அறையில் நோயாளியை 18 மீட்டர் ஆழத்துக்கு நிகரான அழுத்தத்தில் வைத்து ஆக்சிஜன் கொடுத்துத் தொடங்கும் வழக்கமான சிகிச்சை ஏறக்குறைய ஐந்து மணி நேரம் நீடிக்கும். எங்கள் படகில் ஆக்சிஜன் எப்போதும் உண்டு. ஆனால் அது வழியில் தாங்குவதற்கான முதலுதவி மட்டுமே. ஆகவே கையில் மரமரப்போ வழக்கத்துக்கு மாறான களைப்போ தோன்றினால், சிலிண்டர் தூக்கியதால் வந்த வலி என்று நீங்களே முடிவுகட்டாமல் உடனே சொல்லிவிடுங்கள். கூச்சப்பட்டு மறைப்பவர்களைப் பற்றித்தான் எங்களுக்கு அதிகக் கவலை.

இனி முதல் நாள். நீச்சல் குளத்தில் பயின்றவர் அங்கே கட்டிய அதே எடையுடன் கடலில் இறங்கினால் மிதப்பார், ஏனெனில் உப்புநீர் அடர்த்தி மிக்கது. மூழ்கவில்லையே என்று ஈயக்கட்டிகளை அளவுக்கு மீறிச் சேர்த்துக்கொண்டால் கால் தாழ்ந்து, காலில் மாட்டிய துடுப்புகள் பாறையில் படும். டைவ் முடியும் தறுவாயில் சிலிண்டரும் ஏறத்தாழ 2 கிலோ எடை இழந்திருக்கும் என்பதால், சரியான எடையைக் கரையில் இருந்தபடி ஊகிக்க முடியாது. காற்று குறைந்த சிலிண்டருடன் 5 மீட்டரில் அசையாமல் நின்று பார்த்தே அறிய வேண்டும். முதல் நாள் ஆழத்துக்கு விடாதது இந்தச் சோதனைக்காகத்தான். உருண்டையாக வளரும் பவளங்களில் பல, ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவிலேயே வளர்பவை. துடுப்பின் ஒரு தட்டலில் உடைவது எத்தனை ஆண்டு வளர்ச்சி என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். நூறு டைவ் முடித்தவரானாலும் இந்தச் சோதனையிலிருந்து விலக்குத் தருவதில்லை. உள்ளபடியே, நெடுநாள் இடைவெளிக்குப் பின் வரும் அனுபவசாலிகளே இதில் அதிகம் தடுமாறுகிறார்கள்.

திரும்பும் பயணச்சீட்டைப் பொறுத்தவரை: ஆறாம் நாள் கடைசி டைவ் பிற்பகல் மூன்று மணிக்குள் முடிந்துவிடும், எனவே ஏழாம் நாள் மாலை விமானம் எவருக்கும் தடையில்லை. காலை விமானத்துக்கு ஏற்கெனவே பதிவு செய்துவிட்டவர்கள் ஆறாம் நாள் டைவ்களை விட்டுவிட நேரும். ஆதலால் சீட்டை மாற்ற இயலுமா என்று இப்போதே பார்த்துவிட்டு, புறப்படும் நேரத்தை மருத்துவப் படிவத்துடன் சேர்த்து எங்களுக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
பயண ஏற்பாட்டுக் குழுவினர்