போடி அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

குழந்தை பிறந்துவிட்டான், நல்லபடியாக இருக்கிறான். விசாரித்துக்கொண்டே இருந்த உங்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பத்தில் மார்பகப் புற்றுநோய் வந்து நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். மறுபடி எழுதத் தெம்பில்லை. நன்றியை மட்டும் தள்ளிப்போட மனசு வரவில்லை.

ஊர் போடி என்பதால், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் கீமோ வார்டில் எல்லோருக்கும் அவர் போடி அக்காதான். எனக்குச் சிவப்பு மருந்து ஏறத் தொடங்கியபோது ஐந்தாம் மாதம். இடது மார்பில் ஆபரேஷன் முடிந்து, அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுத்திருந்தார்கள். அந்தக் கையில் ஊசி கூடாது என்பதால் டிரிப் வலது கையில். வயிறு பெரிதாக ஆக, குழந்தைக்கு ரத்த ஓட்டம் குறையாமல் இருக்க இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். தையல் போட்ட பக்கமும் அதுதான். மல்லாந்தால் மூச்சு முட்டும், திரும்பினால் அக்குள் விண்ணென்று தெறிக்கும். உயிர்ப் பிரச்சினைக்கு நடுவே படுக்க வசதியில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

பக்கத்துக் கட்டிலில் அதே மருந்து ஏறிக்கொண்டிருந்த அக்கா எதையும் கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து அடுத்த டோஸுக்கு வந்தபோது மஞ்சள் பையிலிருந்து ஒரு தலையணையை எடுத்து நீட்டினார். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய சுங்குடிச் சேலையில் உறை, உள்ளே அவர்கள் ஊர் இலவம்பஞ்சு. பிறை போல வளைத்துத் தைத்திருந்தார். “வளைவைக் கக்கத்துல குடுத்துக்க தாயி. மிச்சம் வயித்துக்கு அண்டக் குடுக்கும்” என்றார். நகமெல்லாம் கறுத்துப்போன விரல்களால் போட்ட கைத்தையல். சில இடத்தில் நெருக்கமாக, சில இடத்தில் விட்டு விட்டு. எனக்குக் குமட்டிய அதே நாட்களில் அவருக்கும் குமட்டியிருக்கும். அப்படிக் கிடந்துகொண்டு, பெயர்கூடத் தெரியாத ஒருத்தியின் அக்குளை நினைத்திருக்கிறார். அன்று டிரிப் ஏற ஏறத் தூங்கிப்போனேன்.

கருவைக் கலைப்பதால் நோய் குணமாகும் வாய்ப்பு கூடிவிடாது என்று, அழுது முடிக்கும் வரை காத்திருந்து விளக்கிய புற்றுநோய் மருத்துவர், அவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு தேதியையும் குறித்த மகப்பேறு மருத்துவர், பிரசவத்துக்குள் என் ரத்த அணுக்கள் தேறிவிட வேண்டும் என்று அதற்கு முந்தைய கடைசி டோஸை முன்னதாகவே முடித்துக்கொடுத்த குழு, ஸ்கேன் அறைத் தங்கைகள், வார்டு ஆயாக்கள், ரத்தம் கொடுத்த என் தம்பியின் நண்பர்கள் எல்லோருக்கும் நன்றி. கீமோ இன்னும் மிச்சமிருப்பதால் நான் பால் கொடுக்கக் கூடாது. தாய்ப்பால் வங்கிக்குப் பால் தந்த தாய்மார்களே, என் மகன் குடித்த முதல் பால் உங்களுடையது. உங்களை எந்த உறவு சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

இனி எந்தக் கர்ப்பிணியைப் பார்த்தாலும் ஒன்று சொல்வேன். மார்பில் கட்டி தட்டுப்பட்டால் ‘பால் கட்டிதான், பிரசவத்துக்கு அப்புறம் பார்க்கலாம்’ என்று யார் சொன்னாலும் விட்டுவிடாதே, உடனே போய்க் காட்டு. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. தேவைப்பட்டால் கட்டியில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கவும் கர்ப்பம் தடையில்லை.

அக்கா, உங்கள் மகன் இதைப் படித்துக் காட்டுவான் என்று நம்புகிறேன். ரேடியேஷனும் முடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போடிக்கு வருகிறேன். இலவம்பஞ்சு எங்கே வாங்குவது, அந்த வளைவை எப்படி வெட்டுவது என்று பக்கத்தில் உட்கார்த்திச் சொல்லிக்கொடுங்கள். அதே வார்டுக்கு நான் தைத்துக் கொடுக்க வேண்டும்.