விசா நாள் கணக்கும் பெர்லின் குளிர்காலமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டிறுதி நெருங்கினால் பயணப் பக்கங்களில் ஐரோப்பியக் கிறிஸ்துமஸ் சந்தைகளின் படங்கள் நிறைகின்றன. நான்கு நாள் சுற்றுலாவுக்கு அவை போதும். பெர்லின் போன்ற நகரில் வீடு எடுத்து ஒரு மாதம் தங்கப் போகிறவர்களுக்கு வேறு விவரங்கள் வேண்டும். அவற்றையும் தாங்கள் வெளியிட வேண்டும்.

அதிகம் தவறுவது, ஜெர்மனி, பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவின் நாள் கணக்கில்தான். விசா எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்பது ஒன்று. அதற்குள் எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறு. டிசம்பர் 1 முதல் ஜனவரி 20 வரை செல்லும் விசாவில் தங்கும் நாள் 30 என்றிருந்தால் 30 நாள்தான். இறங்கும் நாளும் புறப்படும் நாளும் இதில் சேரும். டிசம்பர் 5 இறங்கி ஜனவரி 3 கிளம்பினால் வாடகைக்கு 29 இரவு, விசாவுக்கு 30 நாள். பெர்லினில் ஏறி பாரிஸில் விமானம் மாறினால், வெளியேறும் பதிவு பாரிஸில்தான் நடக்கும். அங்கே நள்ளிரவைத் தாண்டிவிட்டால் 31-ஆவது நாள் ஆகிவிடும். 2025 அக்டோபர் 12 முதல் விரல்ரேகை, முகப்படத்துடன் கணினியில் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். ஒரு நாள் மிஞ்சினாலும் தெரிந்துவிடும். திரும்பும் டிக்கெட்டை இரண்டு மூன்று நாள் முன்னதாகவே போடுவது நல்லது.

அடுத்தது கடைகள். பெர்லினில் டிசம்பர் 24 பிற்பகல் 2 மணிக்குள் கடைகளை மூடிவிடுவார்கள். 25, 26 இரண்டும் பொது விடுமுறை. ஞாயிறும் பெரும்பாலும் கடை கிடையாது. 2026-இல் 25 வெள்ளி, 26 சனி, 27 ஞாயிறு. வியாழன் பிற்பகல் மூடும் கடை திங்கள் காலைதான் திறக்கும். பெரிய ரயில் நிலையங்களில் சில கடைகள் இருக்கும், ஆனால் கூட்டம் நெரியும். குழந்தை உணவு, பால், மருந்து எல்லாவற்றையும் 23-ஆம் தேதிக்குள் வாங்கி வைத்துவிட வேண்டும்.

வீட்டுக்குள் வெப்பமூட்டியின் திருகில் 1 முதல் 5 வரை எண்கள் இருக்கும். 3 என்றால் அறை ஏறக்குறைய 20 டிகிரிக்கு வரும். சீக்கிரம் சூடேற 5-இல் வைப்பதால் பயனில்லை; அந்த எண் வேகத்தைக் குறிப்பதல்ல, எட்ட வேண்டிய வெப்பத்தைக் குறிப்பது. குளிருக்குப் பயந்து ஜன்னலை நாள் முழுக்க மூடி வைத்தால் சமையல் ஆவியும் ஈரத்துணியின் ஈரமும் குளிர்ந்த சுவரில் படிந்து பூஞ்சை பிடிக்கும். முன்பணத்தில் வீட்டுக்காரர் கை வைப்பது இங்கேதான். ஜன்னலின் மேல்பக்கத்தை மட்டும் உள்ளே சாய்த்துச் சிறிது திறந்து வைத்தால் சுவர்தான் குளிரும், காற்று அதிகம் மாறாது. தினமும் இரண்டு மூன்று முறை, வெப்பமூட்டியை அணைத்துவிட்டு, ஜன்னலை முழுதாகத் திறந்து ஐந்து நிமிடம் விட வேண்டும். சாவி வாங்கும்போதே சுவர், ஜன்னல் ஓரம், மீட்டர் ஆகியவற்றைத் தேதி தெரியப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

வழக்கமாகச் சாப்பிடும் மருந்தைத் தங்கும் நாளுக்கும் கூடுதலாகக் கைப்பையில், அதன் அட்டைப்பெட்டியோடு கொண்டு போக வேண்டும். மருத்துவர் சீட்டில் மருந்தின் வேதிப்பெயர் இருக்கட்டும், கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். உயிருக்கு ஆபத்தென்றால் 112. விடுமுறை நாளில் மற்ற உடல்நலக் குறைவுக்கு 116117. மூடியிருக்கும் மருந்துக்கடையின் கதவில், அன்றிரவு திறந்திருக்கும் பக்கத்துக் கடையின் முகவரியை ஒட்டியிருப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்