தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) மட்டும் குடித்துவிட்டுப் போன அண்ணனுக்கு

கோலாலம்பூர் செந்தூல் அடுக்குமாடிப் பிள்ளைகளுக்கு நாங்கள் நடத்தும் இலவச டியூஷனுக்கு ஓர் அறநிறுவனம் மூலம் 12 பழைய மடிக்கணினிகள் வந்தன. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, 11-ஐ இவை ஏற்கவில்லை. கொடுத்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் (அது வேறு கதை).

அண்ணே, மகளைக் கூட்டிப்போக வந்த நீங்கள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் எட்டிப் பார்த்தீர்கள். அப்புறம் நாலு சனிக்கிழமை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டு, பிள்ளைகள் விளையாடிக்கொண்டே படிக்கும் ஜிகாம்பிரிஸ் மென்பொருளை ஏற்றி, எந்த ஆபீசரோ விசைப்பலகையில் கொட்டியிருந்த மைலோ கறையைப் பழைய டூத் பிரஷால் தேய்த்தீர்கள். பேர் கேட்டால், “ஒரு தே ஓ போதும்மா.”

வாய்ப்பாடு என்றாலே கழிவறைக்கு ஓடும் பையன்தான் இப்போது முதல் ஆளாக வந்து உட்காருகிறான். ரொம்ப நன்றிண்ணே. ஏழாம் நம்பர் மறுபடி மக்கர் பண்ணுது, வந்தால் தே ஓ தயார்.